அவளால் வர முடியாதாம்

ஜெயலெட்சுமியை மேல்படிப்புக்குப் போகச் சொன்னதே அர்ஜுனன்தான். பின்னால் நடந்ததைத் தெரிந்தவர்களுக்கு இதை நம்புவது சிரமமாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படித்தான். பத்து வருஷமாக ஒரே இடைநிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. வருஷா வருஷம் அதே தவளை, அதே சிறுநீரகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஆசிரியர்களுக்குப் படிப்பு விடுப்பு தருகிறார்கள் என்று சுற்றறிக்கை வந்தபோது, நமக்கெங்கே என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

"எழுதிப் போடு ஜெயா. ரெண்டு வருஷம்தானே, வீட்டை நான் பாத்துக்கிறேன்லா" என்று சொன்னவன் அவன்.

சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்தான். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவன் டெக்னீஷியன். காலை ஷிப்டு முடிந்தால் சாயங்காலத்துக்கு முன்பே சுங்கை பினாங் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவான். மகள் பத்மாவதி அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு இரட்டைச் சடை போடப் பழகிக்கொண்டான். சடை எப்போதும் ஒரு பக்கம் கோணலாகத்தான் வந்தது. அடுத்த வீட்டு ரொஸ்னா அதைப் பார்த்து, அவிழ்த்துப் பின்னி அனுப்புவாள்.

இது தொண்ணூற்றாறில். குளுகோர் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் டாக்டர் சித்தி ஆயிஷாவிடம் ஜெயா முதுகலை ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கைப் புளிக்கவைத்துத் 'தப்பாய்' என்று ஒரு தின்பண்டம் செய்வார்களே, அதற்குத் தூவும் மாவு வில்லையில் இருக்கும் ஈஸ்ட்தான் அவளுடைய ஆராய்ச்சிப் பொருள். முதல் மாதங்களில் அவள் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல் அடுப்படியில் நின்றபடி பேச ஆரம்பித்துவிடுவாள்.

"சர்க்கரை ஈஸ்ட்டுக்குள்ள போயி சாராயமா வெளிய வர்றதுக்குள்ள பன்னெண்டு படி தாண்டுதுங்க. ஒவ்வொரு படிக்கும் ஒரு என்சைம். அந்த என்சைமைச் செய்யச் சொல்றது ஒரு ஜீன். இந்த வருஷந்தான் ஈஸ்ட்டோட ஜீன் பூராவையும் படிச்சு முடிச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல போட்டு யாரு வேணா எடுத்துக்கலாம். நம்ம பாசார் கடையில விக்கிற ஈஸ்ட்டை அதோட பக்கத்துல வெச்சுப் பாத்து, ஒவ்வொரு படியும் என்னா வேகத்துல ஓடுதுன்னு அளந்து, மொத்தப் பாதையையும் கணக்கா எழுதி ஓடவிட்டா, அடுத்து என்னா நடக்கும்னு கம்ப்யூட்டரே சொல்லிரும்."

அவன் வெங்காயம் உரித்தபடி "உம்" கொட்டுவான். பாதி காதில் விழும், பாதி விழாது. ஆனால் அந்தப் பேச்சு அவனுக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு பேசினதில்லை.

கணக்கு என்று வந்ததும்தான் பரமநாதன் வந்தான்.

ஒவ்வொரு படியின் வேகத்தையும் ஜெயாவால் அளக்க முடிந்தது. அளந்ததைச் சமன்பாடுகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் ஓட்ட அவளுக்குத் தெரியவில்லை. அதே டாக்டரிடம் அதே வேலைக்கென்றே சேர்ந்திருந்த கணித மாணவன் அவன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா கனகசுந்தரம் ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பையனுக்கு இருபத்தேழு வயது, ஒல்லி உடம்பு, மூக்கில் நிற்காத கண்ணாடி. ஜெயாவை அக்கா என்பான், அர்ஜுனனை அண்ணே என்பான். சந்தேகப்படுவதற்கு அவனிடம் ஒன்றுமே இல்லை. அதுதான் அர்ஜுனனுக்குப் பெரிய தொந்தரவாகிப்போனது.

முதலில் போன் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் மணியடிக்கும், ஜெயா இடது கையால் எடுப்பாள். "சொல்லு பரம்... இல்ல, அஞ்சாவது படி சரியாத்தான் இருக்கு. நீ ஆறாவதைப் பாரு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு திடீரென்று சிரிப்பாள். வாய்விட்டு, தொண்டையிலிருந்து வரும் சிரிப்பு. "வந்துருச்சா? நெசமாவா? எவ்வளவு?" என்பாள். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருக்கும். அர்ஜுனன் அந்தச் சிரிப்பைக் கேட்டபடி ரசத்தை ஊற்றிப் பிசைவான். இதே சிரிப்பைக் கடைசியாகத் தன்னிடம் அவள் எப்போது சிரித்தாள் என்று யோசிப்பான். ஞாபகம் வராது.

அவள் போனை வைத்துவிட்டு வந்து, "பரம் கெட்டிக்காரன்ங்க. நாங்க ஒரு வாரமா தேடின தப்பை ஒக்காந்த எடத்துல கண்டுபிடிச்சிட்டான்" என்பாள். அவள் எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூட அவனுக்குச் சண்டை போட ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அவள் ஆய்வுக்கூடத்தில் இருட்டும்வரை இருப்பதைத் தடுக்க அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கொம்தார் கட்டடத்துக் கடைகளில் அலைந்து உதிரி பாகங்களாக வாங்கி, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரை இணைத்துப் பூட்டி, படுக்கையறை மூலையில் வைத்தான். ஜெயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி யாருக்குங்க புருஷன் அமைவான்" என்று ரொஸ்னாவிடம் போய்ச் சொன்னாள். நடந்தது என்னவென்றால், இதுவரை போனில் வந்தவன் இனிமேல் சனிக்கிழமைகளில் டிஸ்கெட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே வர ஆரம்பித்தான். கம்ப்யூட்டரைக் கூடத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. இரண்டு நாற்காலி போட்டு இரண்டு பேரும் திரைக்கு முன் உட்கார்ந்தால், டீ ஆறிப்போவது தெரியாது. அர்ஜுனன் சாய்வு நாற்காலியில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பான்.

அப்புறம் அவன் தானும் படித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தான். ஜெயாவின் உயிர்வேதியியல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்த் தொழிற்சாலை கேன்டீனில் பிரித்தான். கூட வேலை பார்க்கும் ஷேக் அலாவுதீன் எட்டிப் பார்த்தான்.

"என்னா அர்ஜுன், டாக்டருக்குப் படிக்கிறியா?"

"சும்மா பாக்கிறேன்லா."

"சும்மா பாக்கிற புக்கு இம்மாம் மொத்தமா?"

மூன்று வாரம் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினான். எல்லாம் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் பளிச்சென்று புரிந்த மாதிரி இருந்தது. அந்தச் சனிக்கிழமை பரமநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தான். பேச்சு ஈஸ்ட் பக்கம் திரும்பியதும் அர்ஜுனன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எங்க ஃபேக்டரி லைன்லயும் இதே கதைதான் தம்பி. பதினோரு ஸ்டேஷன் இருக்கு. எந்த மெஷின் ஸ்லோவோ, மொத்த லைனும் அந்த ஸ்பீடுதான். அந்த ஒண்ணைச் சரிபண்ணிட்டா எல்லாம் ஓடும். உங்க ஈஸ்ட்டுலயும் எந்தப் படி ஸ்லோன்னு பாத்து, அதைக் கூட்டிட்டா முடிஞ்சது. பன்னெண்டையும் எதுக்கு அளந்துக்கிட்டு இருக்கணும்?"

பரமநாதன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனை மரியாதையாகப் பார்த்தான்.

"ஓம் அண்ணே. முன்னம் எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சவை. புத்தகங்களிலயும் அப்பிடித்தான் கிடந்தது. பிறகு செஞ்சு பாத்திருக்கினம். மூண்டாவது படிதான் ஸ்லோ எண்டு சொல்லி, அந்த என்சைமை மட்டும் ஈஸ்ட்டுக்குள்ள நல்லாக் கூட்டிவிட்டவை. சாராயம் கூடவேயில்லை. கன்ட்ரோல் ஒரு இடத்தில இல்லை அண்ணே. எல்லாப் படியும் கொஞ்சம் கொஞ்சமாப் பங்கு போட்டு வெச்சிருக்கு. அதாலதான் முழுப் பாதையையும் எழுத வேண்டிக் கிடக்கு."

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடக் குத்தலாக இல்லை. ஜெயா கணவனின் தட்டில் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் வைத்து, "மொதல்ல நானும் அப்படித்தாங்க நெனச்சேன்" என்றாள். அர்ஜுனன் சிரித்து வைத்தான். அந்தக் கத்தரிக்காயைத் தட்டோரம் ஒதுக்கினான். ஏமாந்த பிள்ளைக்கு மிட்டாய் கொடுத்த மாதிரி அவள் அதை வைத்ததாக அவனுக்குப் பட்டது. மறுநாள் புத்தகத்தை அலமாரியில் இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினான்.

தொண்ணூற்றேழு செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. சுமத்ராவில் காடு எரிந்த புகை பினாங்கை மூடி, அவர்களுடைய ஒன்பதாம் மாடி வீட்டிலிருந்து பார்த்தால் எதிர் ஃபிளாட்கூடத் தெரியவில்லை. அந்த வாரத்தில்தான் ஜெயாவின் தம்பி கெப்பாலா பத்தாஸில் புது வீடு குடிபுகுந்தான். வெள்ளிக்கிழமை காலையிலேயே ஜெயா மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அர்ஜுனனுக்கு ஷிப்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்து வருவதாக ஏற்பாடு.

சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அண்ணே, அக்கா நிக்கிறாவோ?"

"இல்ல தம்பி. அவ தம்பி வீட்டுக்குப் போயிருக்கா."

"அப்ப நீங்க ஒருக்காச் சொல்லிவிடுவீங்களா? சிங்கப்பூரில ரெண்டு கிழமை வர்க்‌ஷாப் ஒண்டு. எங்கட இந்த மாடலிங்தான், வெளிநாட்டில இருந்தெல்லாம் ஆக்கள் வந்து படிப்பிக்கினம். எங்கட லேபுக்கு ஒரு இடம் கிடைச்சிருக்கு. டாக்டர் அக்காட பேரைத்தான் போடச் சொன்னவ. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஃபேக்ஸ் போகவேணும். அக்கா ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"அவளால முடியலன்னா?"

"முடியாட்டி என்ட பேரைப் போடுவினம். ஆனா அக்கா போறதுதான் சரி அண்ணே. அவட வேலைக்குத்தான் அது தேவை."

மச்சானின் ஹேண்ட்போன் எண் போனுக்கு மேலே சுவரில்தான் ஒட்டியிருந்தது. அர்ஜுனன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். குளித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தான். குளித்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்று நினைத்தான். செய்யவேண்டியது என்ன என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சிங்கப்பூரில் ஒரு பெரிய அறையும், அதில் முப்பது நாற்பது பரமநாதன்களும், நடுவில் அந்தத் தொண்டைச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு தன் மனைவியும் உட்கார்ந்திருப்பது அவன் கண்முன் வந்து நின்றது. அவன் போனைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலை மறுபடி மணியடித்தது.

"அக்காட்டக் கேட்டீங்களா அண்ணே?"

அந்த நிமிஷம்வரை அவன் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தான், அவ்வளவுதான்.

"கேட்டேன் தம்பி. அவளால வர முடியாதாம். பிள்ளை இருக்குல்ல."

"அப்பிடியே சொன்னவவா?"

"ஆமாலா."

"நான் ஒருக்கா அவவோட கதைக்கட்டா? அங்கத்த நம்பர்..."

"புது வீடு தம்பி. இன்னும் போன் வரல."

போனை வைத்தபோது அவனுக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வாரம் போகப்போகிறவன் பரமநாதன். அவள் வீட்டில் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளையும் மகளையும் காரில் அழைத்து வந்தான். வழியெல்லாம் அவள் தம்பி வீட்டு மொசைக் தரையைப் பற்றிப் பேசினாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

திங்கட்கிழமை அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். மகளை ரொஸ்னா வீட்டுக்கு அனுப்பினாள். வெண்டைக்காயை எடுத்து நறுக்க உட்கார்ந்தாள். பாதி நறுக்கியபிறகுதான் பேசினாள்.

"நான் சிங்கப்பூருக்கு வர முடியாதுன்னு சொன்னேனாம்."

அர்ஜுனன் பேப்பரை மடித்து வைத்தான்.

"டாக்டர் என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. பரம் பக்கத்துல நிக்கிறான். நான் என்னா சொல்லியிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"ஜெயா..."

"'ஆமா டாக்டர், பிள்ளைய விட்டுட்டு எப்படி வர்றது'ன்னு சொன்னேன். உங்க பொய்ய என் வாயால சொன்னேன். எம் புருஷன் இப்படின்னு அந்த எடத்துல சொல்ல எனக்கு நாக்கு வரல. இன்னொரு தடவை ஆச்சுன்னா வரும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான்.

"அவன் என்னை அக்காங்கிறான்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அதில்ல." அவன் தேடித்தேடிச் சொன்னான். "நீ அவன்கிட்ட சிரிக்கிற மாதிரி எங்கிட்ட சிரிக்கிறதில்ல."

ஜெயா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "அவன்கிட்ட நான் எங்கங்க சிரிச்சேன்? கணக்கு சரியா வந்தா சிரிப்பு வருது. அங்க யாரு நின்னாலும் வரும். யாருமே நிக்கலன்னாலும் வரும்."

அவன் அதை நம்பவில்லை. மனைவி நல்லவள், சமாளிக்கிறாள் என்றுதான் நினைத்தான்.

பரமநாதன் சிங்கப்பூர் போனான். அங்கே வந்திருந்த ஹாலந்து பேராசிரியர் ஒருவருக்கு அவனைப் பிடித்துப்போய், அடுத்த வருஷ ஆரம்பத்திலேயே டாக்டர் பட்டத்துக்கு ஹாலந்துக்கே அழைத்துக்கொண்டார். புறப்படுவதற்கு முன் வீட்டுக்கு வந்தான். சிங்கப்பூரில் கொடுத்த பாடங்களையெல்லாம் நகலெடுத்துக் கட்டாகக் கட்டி ஜெயாவிடம் கொடுத்தான். "எனக்கு விளங்கினதை ஓரத்தில எழுதியிருக்கிறன் அக்கா" என்றான். அர்ஜுனனிடம் கை குலுக்கும்போது, "வாறன் அண்ணே" என்று வழக்கமான மரியாதையோடு சொல்லிவிட்டு, அவன் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தான். அவனுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அர்ஜுனனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

லிஃப்டுக் கதவு மூடியதும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. இனிமேல் சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை. சனிக்கிழமை இரண்டாவது நாற்காலி இல்லை. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவன் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அந்தச் சிரிப்புக் கேட்டது. ஈரத் துண்டைக் கையில் வைத்தபடி கதவருகே வந்து பார்த்தான். கூடத்தில் ஜெயா தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு வளைகோடு மேலே ஏறி, மெல்ல வளைந்து, நேராக ஓடியது. அவள் முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்து, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது உண்மைதான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் பொறாமை குறையும் என்று யாராவது நினைக்கலாம். குறையவில்லை. இதுவரை அதற்கு ஒரு ஆள் இருந்தான், கண்ணாடியும் ஒல்லி உடம்புமாக. இப்போது யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது என்றே தெரியாமல் அது வீடு முழுக்கப் பரவிக்கொண்டது. திரையைப் பார்த்தால் எரிந்தது. ஈஸ்ட் வளர்த்த குடுவையின் புளித்த வாசனை அவள் சேலையில் வந்தால் எரிந்தது.

அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று இருந்தது. அந்தத் திங்கட்கிழமையோடு ஜெயா அவனிடம் தன் வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். சண்டை இல்லை. கறி என்ன, கரண்ட் பில் கட்டியாச்சா, மகளுக்குக் காய்ச்சலா, எல்லாப் பேச்சும் இருந்தது. அடுப்படியில் நின்று சொல்வாளே, அது மட்டும் இல்லை. அவன் ஒருநாள் தானாக, "இன்னிக்கு லேபுல என்னா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லங்க, வேலைதான்" என்றாள்.

ஆனால் மகளுக்குச் சொன்னாள். சடை பின்னிவிடும்போது அவள் குரல் கூடத்துவரை கேட்கும். "சர்க்கரைக்கு ஈஸ்ட்டுக்குள்ள போக ஆசை. ஆனா கதவு இருக்குல்ல, அது தொறந்தாத்தானே?" மகள் ஏதோ கேட்பாள், ஜெயா பதில் சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். தன் கையால் சடை போட்டு வளர்த்த பிள்ளையைப் பார்த்துத் தனக்கு நெஞ்சு எரிவதை அர்ஜுனன் உணர்ந்தான். வெட்கமாக இருந்தது. டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

அவள் படிப்பும் நினைத்த நேரத்தில் முடியவில்லை. கம்ப்யூட்டரில் ஓடிய ஈஸ்ட்டும் குடுவையில் வளர்ந்த ஈஸ்ட்டும் ஒத்துப்போகாமல் பல மாதம் இழுத்தடித்தன. கேட்க ஆள் இல்லை. பரமநாதன் கொடுத்துவிட்டுப் போன கட்டை வைத்துக்கொண்டு தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். படிப்பு விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பியாயிற்று. பள்ளி விட்டு வந்து ஆய்வேட்டை எழுதினாள். தொண்ணூற்றொன்பதில்தான் வாய்மொழித் தேர்வு நடந்து, பட்டம் உறுதியானது.

அதைக் கொண்டாட டாக்டர் சித்தி ஆயிஷா இரண்டு பேரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடற்கரையோரக் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். ஐம்பது வயதுக்காரர், மென்மையாகப் பேசுகிறவர். மலாயிலும் ஆங்கிலத்திலுமாகப் பேச்சு நடந்தது. தேர்வாளர்கள் ஜெயாவை என்ன கேட்டார்கள், அவள் எப்படி மடக்கினாள் என்றெல்லாம் அர்ஜுனனுக்குச் சொன்னார். அவன் அறியாத மனைவியைப் பற்றி வேறொருவர் சொல்ல அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு டாக்டர் ஜெயாவிடம் திரும்பினார். "ஜப்பானில் ஈஸ்ட் ஜீன் வேலை செய்கிற ஒரு குழுவில் மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது. உன் பெயரைத்தான் கொடுக்க ஆசை. ஆனால் சிங்கப்பூருக்கே வர முடியாது என்றவள் நீ. பிள்ளை இருக்கிறது, எனக்குப் புரிகிறது. அதனால் வேறு ஆள் பார்க்கிறேன்."

ஜெயா கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை.

"டாக்டர், சிங்கப்பூருக்கு நான் முடியாதுன்னு சொல்லலை. அந்தச் செய்தி எனக்கு வந்தே சேரலை. அன்னைக்கு உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க. ஜப்பானுக்கு என் பேரைப் போடுங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அர்ஜுனனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தான். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மீன்தலைக் கறிக் கிண்ணத்தை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தார். "போடுகிறேன்" என்று ஜெயாவிடம் சொன்னார். அதன்பிறகு கோலாலம்பூரில் இருக்கும் தம் மகனைப் பற்றிப் பேசினார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பழைய சாகா காரின் வைப்பர் கீச்சுக் கீச்சென்று ஓடியது.

"இதை வீட்டுல எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றான் அர்ஜுனன். "அவங்க முன்னால..."

ஜெயா திரும்பி உட்கார்ந்தாள்.

"எவங்க முன்னாலங்க? அவங்க முன்னால ஒன்றரை வருஷமா பொய்க்காரியா நின்னது நான். பிள்ளையக் காரணம் காட்டினேன், ஒண்ணும் அறியாத பிள்ளைய. சிங்கப்பூர்ல அந்த ரெண்டு வாரத்துல ஏதோ ஒரு மணி நேரத்துல சொல்லிக்கொடுத்திருப்பாங்க. அதைத் தெரிஞ்சுக்க நான் நாலு மாசம் செவுத்துல முட்டிக்கிட்டேன். உங்களுக்குத் தெரியுமா அது? எப்படித் தெரியும்? டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க."

அவள் நிறுத்தவில்லை. ஒன்றரை வருஷம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. கம்ப்யூட்டர் செய்து கொடுத்தது அன்பா வேலியா என்று கேட்டாள். தன் தம்பியிடம் இதைச் சொல்ல முடியாமல் புழுங்கியதைச் சொன்னாள். அர்ஜுனன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லும் உறைத்தது. ஆனால் இவ்வளவு நீளமாக அவள் தன்னிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று என்றும் அவனுக்குத் தோன்றியது. மெக்காலிஸ்டர் சாலை வழியாகப் போனால் வீடு சீக்கிரம் வந்துவிடும். அவன் கடற்கரைப் பக்கம் வண்டியைத் திருப்பி, ஃபெரி ஏறும் துறை வழியாகச் சுற்றிக்கொண்டு போனான்.

"அப்படி என்னாத்துலதான் நாலு மாசம்?" என்று கேட்டான்.

கேலி செய்கிறானா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கோபம் தணியாமலே சொன்னாள். "கதவு. சர்க்கரை உள்ள நுழையிற கதவு. ஒரே கதவுன்னு கணக்குல போட்டுட்டேன். ஈஸ்ட்டுல அதுக்குன்னு இருபது ஜீன் கெடக்கு. இருபது கதவு."

"இருபதும் தொறந்தா இருக்கும்?"

"எப்படி இருக்கும்? சர்க்கரை ஜாஸ்தியா இருந்தா ஒரு செட்டு, கொறைஞ்சா இன்னொரு செட்டு. அதை விட்டுட்டு உள்ள இருக்கிற பன்னெண்டு படியையும் திருப்பித் திருப்பி அளந்துக்கிட்டிருந்தேன், மடச்சி மாதிரி."

ஜப்பானுக்கு அவளோடு வேறு யார் போகிறார்கள் என்ற கேள்வி அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. மூன்று மாதம். முகம் தெரியாத ஆட்கள் சிலர் இப்போதே அவன் மனசுக்குள் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். இது தன்னைவிட்டுப் போகப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் போவாள். அவன் இங்கே உட்கார்ந்து எரிவான். போன் வந்தால் எடுத்து, வந்த சேதியைச் சொல்வான். அதுவரைக்கும் தன்னால் முடியும் என்று நினைத்துக்கொண்டான்.

ஜெலுத்தோங் பக்கம் மழை இன்னும் வலுத்தது. ஜெயா கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்குத் திரும்புற சிம்பாங் முனை போயிருச்சு."

"தெரியும்" என்றான். "எந்தக் கதவுன்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு காத்திருந்தான். வண்டி ஒரு பாலத்தைத் தாண்டியது. பிறகு அவள், இன்னும் முறைத்துக்கொண்டுதான், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.